வகுப்பறைக்குள் வரும் வெள்ளி: தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் சிறுமானியங்களும்

(சிரம்பானில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள் 'தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம்' என்று தலைப்புத் தந்தார்கள். அதைக் குறுக்கிக்கொள்ள அனுமதி கேட்டேன், பெருந்தன்மையோடு தந்தார்கள். எதிர்காலத்தைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. ஐந்நூறு வெள்ளியை, அதாவது ஐந்நூறு ரிங்கிட்டைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஓர் ஆசிரியர் தம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு வேலையைச் செய்துபார்க்க நினைக்கிறார். அதற்கு இருநூறோ முந்நூறோ ஐந்நூறோ வெள்ளி தேவைப்படுகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, வராவிட்டால் என்ன ஆகிறது, வந்தால் என்ன நடக்கிறது என்பதே இன்றைய என் பொருள்.

சிறுதொகை கேட்கும்போதெல்லாம் நாம் 'சிறு துளி பெருவெள்ளம்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். துளிகள் சேர்ந்து வெள்ளமானால்தான் பயன் என்பது அதன் உட்பொருள். என் கருத்து வேறு. துளி துளியாகவே நின்று வேரடியில் விழுவதிலும் ஒரு பயன் உண்டு. வகுப்பறைத் திட்டத்துக்காக ஆசிரியர் கேட்டுப் பெறும் சிறுமானியத்தைப் பெரிய நன்கொடையின் குட்டி வடிவமாக நினைத்துவிடக் கூடாது. பெரிய நன்கொடை கட்டடம் தருகிறது. சிறுமானியம், இந்த வகுப்புக்கு இப்போது என்ன வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமையை ஆசிரியரிடமும் பிள்ளைகளிடமும் தருகிறது. நம் தோட்டப்பள்ளிகளுக்கு வரலாற்றில் மிக அரிதாகக் கிடைத்தது அந்த உரிமைதான். இதை ஆறு கூறுகளாக விளக்க முயல்கிறேன்.

1. கொடுத்தவரே முடிவெடுத்த காலம்

மலேசியாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கத்தை, 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடுகிறோம். தோட்டப்பள்ளிகளின் கதை அதற்குப் பல பத்தாண்டுகள் பின்னால் வருவது. காப்பியும் பிறகு ரப்பரும் நெகிரி செம்பிலானின் காட்டைத் தோட்டங்களாக மாற்றின. தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பெற்றோர் தோட்டத்திலேயே நிலைத்துத் தங்க வேண்டும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. பல இடங்களில் பள்ளி என்றால் ஒரு கொட்டகை, வாத்தியார் என்றால் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி அல்லது அலுவலக எழுத்தரான கிராணி. காலை ஆள்கணக்கான பெரட்டு முடிந்து மீந்த நேரத்தில்தான் பாடம்.

சட்டம் பள்ளியைத் தந்தது. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் வாயைத் தரவில்லை. கூரை ஒழுகினால் மாற்றுவதா வேண்டாமா, பலகை எத்தனை, புத்தகம் எத்தனை என்பதெல்லாம் தோட்ட அலுவலகத்தில் முடிவாயிற்று. நல்ல மனம் கொண்ட நிர்வாகிகளும் இருந்தார்கள். நிறையச் செய்தும் இருக்கிறார்கள். அங்கும் முடிவெடுத்தவர் கொடுத்தவரே.

நான் படித்த தோட்டப்பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதற்குள் ஒரு பூகோள உருண்டை. அதன் அடித்தட்டில் யார் அன்பளிப்பு, எந்த ஆண்டு என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும். அலமாரிக்குப் பூட்டு உண்டு. விருந்தினர் வரும் நாளில் திறப்பார்கள், துடைப்பார்கள், மறுபடியும் பூட்டுவார்கள். ஆறாண்டு படித்த நான் அந்த உருண்டையை ஒருமுறைகூடக் கையால் சுற்றிப் பார்த்ததில்லை. கண்ணாடி வழியே எனக்குத் தெரிந்தது ஒரே பக்கம். அதில் பெரும்பகுதி நீலக் கடல். மலாயா மறுபக்கத்தில் இருந்திருக்க வேண்டும். எங்கள் ஆசிரியர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அது எங்களுக்கென்று வந்த பொருளாகத் தோன்றவில்லை. எங்களிடம் ஒப்படைத்த பொருளாகவே இருந்தது.

2. பெரிய பணம் போகும் இடம்

நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது நாம் அடிக்கடி சொல்லும் கணக்கு. அதே காலத்தில்தான் வெள்ளையர் நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்படத் தொடங்கின. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. நெடுஞ்சாலைகளும் புதுநகரங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. குடும்பங்கள் லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. இன்று நாடு முழுவதும் ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளே இருக்கின்றன. நம் மாநிலமான நெகிரி செம்பிலானில் 61. லின்சும், கெடெஸ், ஜெராம் பாடாங், கிர்பி, ரீஜண்ட் என்று அவற்றில் பல இன்னும் தோட்டப் பெயரையே சுமக்கின்றன. தோட்டம் கைமாறினாலும் பால்மரம் போய்விட்டாலும் தோட்டம் எனப் பொருள்படும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல் பள்ளியின் பெயர்ப்பலகையில் மிஞ்சியிருக்கிறது.

இப்பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, பாடத்திட்டம் அரசுடையது. கட்டடமும் பராமரிப்பும் என்று வரும்போதுதான் முழு உதவி, பகுதி உதவி என்ற பிரிவு தலைகாட்டும். அந்தப் பிரிவின் வேர் நிலத்தில் இருக்கிறது. பள்ளி நிற்கும் மண் தோட்ட நிறுவனத்துக்குச் சொந்தமானால், அங்கே அரசு கட்டடம் எழுப்புவதில் நெடுங்காலமாகத் தடைகள் இருந்து வந்தன. அதனால் நம் சமூகத்தின் ஆற்றலெல்லாம் நிலத்துக்கும் கட்டடத்துக்குமே செலவாயிற்று. நில மனு, கட்டட நிதி, நிதி விருந்து, அடிக்கல், திறப்பு விழா என்று இரண்டு தலைமுறை ஓடிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகும் வகுப்பில் எந்தத் திட்டமும் நடக்காது. அந்தப் போராட்டத்தில் தலைமுடி நரைத்தவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன்.

ஆனால் கட்டடம் வந்த பிறகு அதன் உள்ளே நடப்பதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு சாதாரண வாரத்தை எண்ணிப் பாருங்கள். வண்ண அட்டை, பசைநாடா, அச்சுப்பொறி மை, சோதனைக்குத் தேவையான வினிகர், நெகிழிக் குடுவை, மின்கலம், விதை, மண். ஆசிரியர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: 'நம்ம காசுதான் சார்.' அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வரம்பு இருக்கிறது. சொந்தக் காசில் பத்து வெள்ளிக்குச் செய்வார்கள், இருபதுக்கும் செய்வார்கள். முந்நூறு வெள்ளி ஆகும் ஒரு நல்ல எண்ணம் வரும்போது அதை மனத்திலேயே மடித்து வைத்துவிடுவார்கள். நாம் இழப்பது அந்த மடித்து வைத்த எண்ணங்களை. அவை எந்த அறிக்கையிலும் வருவதில்லை. எந்தக் கல்வெட்டிலும் ஏறுவதில்லை.

3. ஒரு மழைமானியும் ஒரு கடிகாரமும்

இனி உங்களை ஒரு வகுப்பறைக்குள் அழைத்துப் போகிறேன். ஜெம்போல் மாவட்டத்தில், செம்பனைக்கு நடுவே நிற்கும் சிறிய பள்ளி. ஆசிரியை தம் பெயரோ பள்ளியின் பெயரோ வெளிவருவதை விரும்பவில்லை, அதை மதிக்கிறேன். நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் அமர்ந்திருந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர்.

முன்னாள் மாணவர் சிலர் சேர்ந்து அந்த வகுப்புக்கு 350 வெள்ளி கொடுத்திருந்தார்கள். ஆசிரியை கேட்டு எழுதிய தாளைப் பார்த்தேன். முதல் வரி இது: 'எங்கள் பள்ளியில் பெய்யும் மழையை ஆறு மாதம் அளக்கப் போகிறோம்.' கீழே பொருள்பட்டியல்: ஒரு மழைமானி, இரண்டு வெப்பமானி, அளவுகோல்கள், கெட்டி அட்டை போட்ட ஒரு பேரேடு, வரைபடத் தாள். மழைமானி ஒன்றுதான் வாங்கப் போகிறார்கள், மற்ற பிள்ளைகளுக்கு? பழைய நீர்ப் போத்தலைத் தலையறுத்து, மேற்பாதியைக் கவிழ்த்துப் புனலாக்கி, அவரவர் ஒன்று செய்துகொள்வார்கள்.

நான் போன நாளில் ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கிறது; பூச்சியம் எங்கே தொடங்குவது? ஒரு பையன் கூழாங்கல் போட்டுப் பள்ளத்தை நிரப்பி, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூச்சியம் என்றான். எல்லாரும் ஏற்றார்கள். அடுத்த கேள்வி கடினமானது. ஒரு சிறுமி வீட்டிலிருந்து அகலமான நேர்ச்சுவர் டப்பா கொண்டுவந்திருந்தாள். அகலமாக இருந்தால் நிறையத் தண்ணீர் விழும். அப்படியானால் அவள் டப்பாவில் மழை அதிகமாகக் காட்டுமா? ஐந்து பேர் ஆமென்றார்கள், நான்கு பேர் இல்லையென்றார்கள். ஆசிரியை விடை சொல்லவில்லை. பூவாளியால் அந்த டப்பாவின்மேலும் ஒடுங்கிய நேர்ச்சுவர்க் குவளை ஒன்றின்மேலும் ஒரே சீராகத் தண்ணீர் பொழிய வைத்தார். அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். அகல டப்பாவிலும் ஒடுங்கிய குவளையிலும் ஏறக்குறைய ஒரே உயரம். பெறும் நீர் கூடினால் பரவும் இடமும் கூடுகிறது, உயரம் மாறுவதில்லை. மழையை லிட்டரில் சொல்லாமல் ஏன் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள் என்ற வினாவுக்கு விடை அந்த மேசைமேல் கிடந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர் என்ற கணக்கையும் அன்றே போட்டார்கள். அறிவியல் பாடமும் கணிதப் பாடமும் ஒன்றாய் முடிந்தன.

பேரேட்டில் இன்னொரு பத்தியும் இருந்தது. மழை பெய்த நாளில் வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டு வர வேண்டும்: அந்தக் காலத்தில் இப்படி மழை பெய்தால் என்ன செய்வீர்கள்? ஒரு பக்கத்தில் கண்டது: '41 மி.மீ. தாத்தா சொன்னார், விடியற்காலை மழை என்றால் அன்றைக்கு வெட்டு இல்லை.' இன்னொரு பக்கத்தில்: 'வெட்டிய பிறகு மழை வந்தால் மங்கில் (பால் கிண்ணத்தில்) தண்ணீர் நிறைந்து பால் வழிந்து போய்விடும் என்று பாட்டி சொன்னார்.' ரப்பர் மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் சிதறும் என்பதும், பால்வெட்டு இல்லாத நாள் கூலியில் துண்டு விழும் என்பதும் செம்பனைக்கு நடுவே வளரும் அந்தப் பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாது. மில்லிமீட்டர் வெறும் அளவாக இருந்தது போய், அவர்கள் குடும்பத்தின் வரலாறாகவும் ஆயிற்று. தீபகற்ப மலேசியாவில் மழை மிகக் குறைந்த இடமாகப் பெயர்பெற்ற ஜெலுபு நம் மாநிலத்திலேயே இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், மலைகள் மழையை எப்படி மறைக்கின்றன என்று வரைபடத்தைத் தேடினார்கள்.

நான் சொல்ல வந்த முக்கியச் செய்தி இனிமேல்தான். பொருள்களெல்லாம் வாங்கியபின் கொஞ்சம் பணம் மிச்சம் இருந்தது. எதற்குச் செலவிடலாம் என்று ஆசிரியை பிள்ளைகளையே கேட்டிருக்கிறார். அவர்கள் கடிகாரம் வேண்டும் என்றார்கள். மழையைத் தினமும் காலை எட்டு மணிக்கு அளக்க வேண்டும். வகுப்புச் சுவரில் இருந்த கடிகாரம் நின்று வெகுநாளாகிவிட்டது. 28 வெள்ளிக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கினார்கள். எந்த நன்கொடையாளரும் அதை முன்கூட்டி நினைத்திருக்க முடியாது. எந்த அலுவலகமும் பட்டியலில் சேர்த்திருக்காது. ஒன்பது பிள்ளைகள் ஒரு வேலையைத் தொடங்கி, அது எங்கே தடைப்படுகிறது என்று கண்டு, தமக்கு என்ன வேண்டும் என்று தாமே சொன்னார்கள். பூட்டிய அலமாரியில் இருந்த என் பூகோள உருண்டைக்கும் அந்த 28 வெள்ளிக் கடிகாரத்துக்கும் இடையே உள்ள தூரமே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

4. சிறிய பள்ளிக்குச் சிறிய தொகை

மலேசியக் கல்வி அமைச்சின் கணக்கில் 150க்குக் குறைவான மாணவர் கொண்ட பள்ளி 'குறைந்த மாணவர் பள்ளி'. மொத்தமே 30க்குக் குறைந்தால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் கூட்டு வகுப்பு முறை வருகிறது. நம் தோட்டப்பள்ளிகள் பலவற்றின் நிலை இது. இதை இரக்கத்தோடு பேசியே பழகிவிட்டோம். வகுப்பறைத் திட்டம் என்ற கோணத்தில் பார்த்தால் மூன்று உண்மைகள் தெரிகின்றன.

முதலாவது, தலைக்கணக்கு சிறு பள்ளிக்குப் பொருந்தாது. மாணவருக்கு இவ்வளவு என்று வரும் எந்தத் தொகையும் சிறு பள்ளியில் சிறுத்துப்போகும். ஆனால் ஒரு வெப்பமானியின் விலை நாற்பது பிள்ளைகளுக்கும் ஒன்றுதான், ஒன்பது பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். நன்கொடையாளர் படிவங்களில் 'எத்தனை பேர் பயனடைவர்?' என்று ஒரு கேள்வி இருக்கும். அங்கே ஒன்பது என்று எழுதும்போது அந்த ஆசிரியைக்குக் கை தயங்கியதாம். ஒன்பது பிள்ளைகளும் முழுதாக ஈடுபடும் திட்டம், முந்நூறு பேர் கைதட்டிக் கலையும் நிகழ்ச்சியைவிடக் குறைந்ததாகத் தெரியும்படி அந்தக் கேள்வி அமைந்திருக்கிறது.

இரண்டாவது, கூட்டு வகுப்புக்குத் திட்டவழிக் கற்றல் இயல்பாகப் பொருந்துகிறது. ஒரே பாடநூலை இரண்டு ஆண்டினருக்கு நடத்துவது கடினம். மழையை அளப்பதை எல்லாரும் செய்யலாம்: இளையவர் எண்ணைப் படிப்பர், மூத்தவர் சராசரி காண்பர். 2021இல் ஆறாம் ஆண்டு இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆரை அரசு கைவிட்டு வகுப்பறை மதிப்பீட்டுக்கு முதன்மை தந்தபிறகு இதற்கான இடம் அகன்றிருக்கிறது. முன்பு பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் திரட்டிய பணத்தில் நல்ல பங்கு தேர்வுப் பயிற்சி நூல்களுக்கும் கருத்தரங்குகளுக்கும் போயிற்று. அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள இதுவே தக்க தருணம்.

மூன்றாவது, இடம்பெயர்வு. மாணவர் குறைந்த தோட்டப்பள்ளியின் உரிமத்தை மக்கள் குடியேறிய புதுநகருக்கு மாற்றும் ஏற்பாடு நம் நாட்டில் நடந்துவருகிறது. அப்போது கட்டடம் மண்ணோடு நின்றுவிடும். அதில் போட்ட பணமும் அங்கேயே நிற்கும். பேரேடும் மழைமானியும் லாரியில் ஏறும். ஆசிரியரின் அனுபவமும் பிள்ளைகளின் பழக்கமும் லாரிகூட இல்லாமல் வந்துசேரும். நிலம் உறுதியில்லாத சமூகம் நிலத்தில் மட்டும் முதலீடு செய்தால் போதாது.

5. மானியம் எப்படி அமைய வேண்டும்?

முதலில் ஒரு முன்மாதிரி. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் வரலாறு கற்பித்த சார்ல்ஸ் பெஸ்ட் என்ற ஆசிரியர், 2000ஆம் ஆண்டில் 'டோனர்ஸ்சூஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அரசுப் பள்ளி ஆசிரியர் தம் வகுப்புக்கு என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று எழுதுவார். விரும்புவோர் சிறுதொகை தருவார்கள். தொகை நிறைந்ததும் அமைப்பே பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பும். நம் நாட்டிலும் '100% புரோஜெக்ட்' என்ற பெயரில் ஆசிரியர்களின் வகுப்பறைத் திட்டங்களுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி நடந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவருக்கென நடக்கும் அறிவியல் விழாக்களில், எளிய பொருள்களைக் கொண்டு நம் பிள்ளைகள் செய்துகாட்டும் சோதனைகளை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆகவே ஆற்றலுக்குக் குறைவில்லை. நம் சூழலுக்கு ஏற்ற சிறுமானியத்துக்கு நான் ஐந்து விதிகளை முன்வைக்கிறேன்.

அ. விண்ணப்பம் ஒரே பக்கம். தமிழிலோ மலாயிலோ ஆசிரியர் விரும்பும் மொழியில். திட்டத்தை எழுதுபவர் வகுப்பில் கற்பிப்பவராகவே இருக்க வேண்டும். தலைமையாசிரியரின் ஒப்புதல் கட்டாயம். ஆனால் கையெழுத்தோடு அவர் பணி முடிய வேண்டும்.

ஆ. முடிவு ஒரு மாதத்துக்குள். பள்ளியாண்டின் தொடக்கத்தில் கேட்டது இறுதியில் கிடைத்தால், அதற்குள் அந்தப் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

இ. தீர்ந்துபோகும் பொருளுக்கும் பணம் தர வேண்டும். நன்கொடையாளருக்குக் கணினி பிடிக்கும். விதையும் பசையும் பிடிப்பதில்லை. கற்றல் பெரும்பாலும் தீர்ந்துபோகும் பொருளில்தான் நடக்கிறது.

ஈ. மானியத்தில் ஒரு பங்கை, ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம், பட்டியலில் எழுதாமல் விட்டுவைக்க வேண்டும். பாதி வழியில் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் தேவைக்கு அது. கடிகாரம் அப்படித்தான் வந்தது.

உ. அறிக்கையைப் பிள்ளைகள் எழுத வேண்டும். என்ன செய்தோம், எது சரியாக வரவில்லை, அடுத்த ஆண்டு வருபவர்களுக்கு என்ன சொல்வோம் என்று இரண்டு பக்கம் போதும். மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் படம் வேண்டியதில்லை. தோல்வியையும் எழுதலாம் என்ற உறுதி இருந்தால்தான் ஆசிரியர் புதிதாக ஒன்றைத் தொடுவார்.

6. மூன்று ஐயங்கள்

முதல் ஐயம்: இது அரசின் கடமை அல்லவா? ஆம், அரசின் கடமைதான். கூரை, கழிவறை, மேசை நாற்காலி, மின்சாரம், போதிய ஆசிரியர் ஆகியவற்றைச் சிறுமானியத்தில் தேடவே கூடாது. அவற்றை உரிமையாகக் கேட்க வேண்டும். 'உங்களுக்குத்தான் நன்கொடை வருகிறதே' என்று யாரும் கைகழுவ இடம் தரக் கூடாது. சிறுமானியம் கடமைக்கு மாற்றாகாது. கடமை நிறைவேறிய பின்னும் மிஞ்சும் வெற்றிடத்துக்கு உரியது. எந்தக் கல்வி அமைச்சும் ஒவ்வொரு வகுப்பறையின் அன்றைய தேவையைத் தலைநகரிலிருந்து அறிய முடியாது.

இரண்டாவது ஐயம்: கணக்கு ஒழுங்காக இருக்குமா? நம் பள்ளிகளில் இதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. அரசுப் பணத்துக்கு ஒரு கணக்கு, பொதுமக்கள் தரும் பணத்துக்குச் 'சுவா' என்ற தனிக் கணக்கு. ரசீது கொடுத்து வரவு வைத்துச் செலவிடும் விதிகள் உண்டு, தணிக்கை உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகவும் தரலாம். ஐந்நூறு வெள்ளிக்கு ஐம்பதாயிரத்துக்குரிய தாள்களைக் கேட்காமல் இருந்தாலே போதும்.

மூன்றாவது ஐயம் ஆழமானது: ஆசிரியர்கள் கேட்பார்களா? முதலாண்டில் கேட்கத் தயங்குவார்கள். கேட்டுப் பழகாத பள்ளிகள் இவை. இதற்கு ஒரு பழைய முன்மாதிரி வழி காட்டும். தமிழ்நாட்டில் காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த 1950களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் நிலமும் பலகையும் கடிகாரமும் பாடக்கருவிகளும் வாரி வழங்கினார்கள். அதற்கு அடிப்படையாக அமைந்தது ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று முன்கூட்டியே எழுதிய பட்டியல். பட்டியல் முதலில், நன்கொடை பிறகு. நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். யாரோ ஒன்றைக் கொடுக்கிறார்கள், அதற்கு ஒரு தேவையைப் பிறகு தேடுகிறோம். ஆகவே முதலாண்டில் நாமே பள்ளிக்குப் போக வேண்டும். ஆசிரியர் அறையில் அமர்ந்து, மனத்தில் மடித்து வைத்த எண்ணம் ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும்.

முடிவாக

நம் முன்னோர் சிறுதொகையின் ஆற்றலை அறியாதவர்கள் அல்லர். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டியபோது, சாதாரணத் தொழிலாளர் தம் சிறு கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1956இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. தோட்டத் துண்டாடல் அச்சுறுத்தியபோது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களுக்கே உடைமையாளர் ஆனார்கள். அந்தப் பத்து வெள்ளியில் பணத்தைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அதுவரை பெரட்டில் நின்று உத்தரவு கேட்டவர்கள் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தி வாக்களித்தார்கள்.

அந்த மரபின் தொடர்ச்சியாக இந்த அறக்கட்டளையின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் மாநிலத்தின் 61 தமிழ்ப்பள்ளிகளுக்கும் பள்ளிக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஐந்நூறு வெள்ளி என்று வைத்தால் ஆண்டுக்கு 30,500 வெள்ளி ஆகிறது. இந்த அறக்கட்டளையும் நம் முன்னாள் மாணவர் அமைப்புகளும் கைகோத்தால் இது எட்டாத தொகை அன்று. சொற்பொழிவுக்காக எனக்கு அளிக்கும் மதிப்பூதியத்தை முதல் வகுப்புக்கு என்று இங்கேயே திருப்பித் தருகிறேன்.

விண்ணப்பத் தாளை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். மேலே பள்ளியின் பெயர், வகுப்பு, பிள்ளைகளின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். அதன்கீழ் ஒரே கேள்வி, விடைக்கு முக்கால் பக்கம் வெற்றிடம்: 'உங்கள் பிள்ளைகளோடு என்ன செய்துபார்க்க நினைக்கிறீர்கள்?' வெளியேறும் வழியில் மேசைமேல் தாள்கள் இருக்கின்றன. ஆசிரியர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.